பீலிக்கரை வளைவில் காளியாயி பார்த்தது

காளியாயிக்கு இருந்த தொண்டையை வைத்துத்தான் கித்துல்கலைத் தேயிலைத் தோட்டத்தில் பாதி வேலை நடந்துகொண்டிருந்தது. மேல்மலையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் கீழ் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா விசில் ஊதி ஊதிக் கூட்டவேண்டிய ஆட்களை அவள் இரண்டே வார்த்தையில் கூட்டிவிடுவாள். வயது ஐம்பத்து மூன்று, ஒற்றைநாடி உடம்பு. இந்த உடம்புக்குள் இருந்தா இவ்வளவு சத்தம் வருகிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

ஒப்பாரியில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. ஆனால் இழவு வீடுகளில் பாடியதைவிட ரோட்டில் பாடியதுதான் அதிகம். தோட்டத்துச் சனம் போராட்டத்துக்கு இறங்கினால் மானாப்புல் திணித்த ஒரு பொம்மை கட்டாயம் இருக்கும். அதற்குப் பழைய கால்சட்டை மாட்டி, மூங்கில் பாடையில் கிடத்தி, தப்பு அடித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்துப் பாடுவார்கள். ஒரு வருஷம் கம்பெனி செத்துப்போகும், ஒரு வருஷம் சம்பள ஒப்பந்தம் செத்துப்போகும். எது செத்தாலும் காளியாயிதான் முதல் அடி எடுப்பாள். ஹட்டன் சந்தியில் அவள் பாடியபோது காவலுக்கு நின்ற பொலிஸ்காரரே கண்ணைத் துடைத்தார் என்று லெட்சுமி இன்றைக்கும் சத்தியம் செய்வாள். லெட்சுமி அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள், அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

இந்தத் தொண்டைக்குச் சரிக்குச் சமமாக நின்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் பலீல் நானா. டவுனிலிருந்து ஆட்டோவில் பேக்கரிப் பாண் கொண்டுவருபவர். பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பணிஸும். ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் லயத்து வாசலில் வரிசை கட்டிவிடும். பாண் வரவர மெலிந்துபோகிறது என்று காளியாயி தினமும் சண்டைக்கு நிற்பாள். பாண் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் வாய்தான் பெரிதாகிவிட்டது என்று அவர் தினமும் சொல்வார். சொல்லிவிட்டு, மேல்தோல் நன்றாகக் கருகிய பாண் ஒன்றைத் தனியே எடுத்துக் கொடுப்பார். அவளுக்குக் கருகினதுதான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்படியே பதினோரு வருஷம் போனது.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, மாலைக் கொழுந்து நிறுக்கப் போகும் நேரம். பீலிக்கரை வளைவுக்கு மேலே உள்ள மலையில் இருபது பெண்கள் நின்றார்கள். காளியாயி ரோட்டுக்கு ஆகக் கிட்டிய கடைசி நிரையில் இருந்தாள். கீழே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பொலிஸ்காரர்கள் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். பின் லைட் உடைந்த ஒரு ஆட்டோவை நிறுத்தி, டிரைவரோடு சிங்களத்தில் சிரித்துப் பேசி, போகச் சொன்னார்கள். அதற்கு அடுத்தாற்போல் வந்தவர் பலீல் நானா. அவருடைய லைசென்ஸை வாங்கிப் பெயரை வாசித்ததும் அவர்கள் குரல் மாறியது. பாணுக்கு அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய், உங்கள் ஆட்களை நம்பி எந்த வண்டியையும் விட முடியாது என்று ஒருவன் கத்தினான். பெட்டியைத் திறந்து பாண் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டினார்கள். சீருடை போட்ட இரண்டு பேருக்கு ஒரு பாண் வியாபாரியிடம் என்ன பயமோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

இது பிள்ளைகள் சாப்பிடுகிற சாமான் என்று பலீல் நானா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். முதல் அடி தாடையில் விழுந்தது, இரண்டாவது தோளில். விழுந்த பிறகு முதுகில் இரண்டு. காளியாயி கூடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்திக்கொண்டே சரிவில் இறங்கினாள். அவள் ரோட்டுக்கு வருவதற்குள் ஆட்டோவை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் தள்ளிவிட்டு மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பெண்கள்தான் அவரைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் பொலிஸ் எழுதிய கதை வேறு. வேகமாக வந்த ஆட்டோ வளைவில் புரண்டது, தோட்டத்துப் பெண்கள் பிறகு வந்து தூக்கினார்கள். விசாரிக்க வந்தவர் கண்டாக்கு ஐயாவிடம் மட்டும் கேட்டார். அவர் அந்த நேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசோடு நின்றதாகச் சொன்னார், அது உண்மையும்கூட. மலையில் நின்ற இருபது பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அந்தப் பெண்களுக்கும் தோன்றவில்லை. கொழுந்து எத்தனை கிலோ என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் அவர்களிடம் கேட்டுப் பழக்கமில்லை.

பலீல் நானா நுவரெலியா ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி வைத்துக் கட்டிக் கிடந்தார். பேச முடியாது, தோளில் விழுந்த அடியில் எழுதவும் முடியாது. அவருடைய மனைவி நஸீராவிடம் பொலிஸார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியிருந்தார்கள். நடந்தது விபத்துத்தான், முறைப்பாடு எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய இடத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், அதற்குள் கையெழுத்துப் போட்டால் பிடித்து வைத்த ஆட்டோவை விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் வேறு வழக்கும் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நஸீராவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பார்த்தவர் யாருமில்லை, பேச வேண்டியவருக்குப் பேச்சில்லை, யாரை நம்பி அவள் எதிர்த்து நிற்பாள்? போட்டுவிடுவாள் என்றுதான் டவுனில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போடவிடக் கூடாது என்று காளியாயி முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பலீல் நானாவுக்காகப் பள்ளிவாசல் முன்னால் ஆட்கள் கூடி நிற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அரைநாள் வேலையைப் போட்டுவிட்டு நாற்பது பெண்களைத் திரட்டினாள். போகிறோம் என்று யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. எப்படிப் போகவேண்டும் என்று யாரிடமும் கேட்கவுமில்லை. போராட்டம் என்றால் என்னவென்று காளியாயிக்கா தெரியாது? பொம்மை கட்டினாள், காக்கித் துணி தேடி மாட்டினாள், பாடை கட்டினாள், தப்புக்காரரையும் கூட்டிக்கொண்டாள்.

டவுனில் அமைதியாக நின்ற கூட்டத்துக்குள் பாடை வந்து இறங்கியதும் ஆட்கள் திகைத்துப்போனார்கள். காளியாயி அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்தாள், தலைமுடியை அவிழ்த்தாள், மாரில் அறைந்து முதல் அடியை எடுத்தாள். பாட நினைத்தது காக்கிப் பொம்மையைத்தான். செத்துப்போன நியாயத்தைத் திட்டி நாலு வரி மனதில் கட்டியும் வைத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் ரோட்டில் கிடந்த பாண் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. தொண்டை அது பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

"பாணு கொண்டு வந்த நானாவே – ஒங்கள
பாதையில போட்டு அடிச்சாங்களே
பீலிக்கர வளைவினிலே – ஐயோ
நாலு அடி விழுந்திருச்சே
தாடையில ஒண்ணு, தோளுல ஒண்ணு – ஐயோ
தரையில கெடக்க ரெண்டு விழுந்திருச்சே"

நாற்பது பெண்களும் பின்பாட்டு எடுத்தார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் நஸீராவின் வீடு. தப்புச் சத்தம், மாரடிச் சத்தம், பிறகு தன் புருஷனின் பெயர் சொல்லி ஒப்பாரி. அவள் காலில் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடிவந்தாள். பாடையைப் பார்த்தாள். அதில் கிடந்தது புல்லா மனிதனா என்று பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து சேதி வந்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, உயிரோடுதான் இருக்கிறார் என்று அவளுக்குக் காட்டுவதற்குள் அரைமணி போனது. பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் காளியாயியிடம் வந்தார். கோபப்படக்கூட இல்லை. எங்களில் மவுத்தானவருக்கே இப்படிச் சத்தம் போட்டு அழுவதில்லை, உயிரோடு இருக்கிறவருக்கு அழலாமா, தயவுசெய்து போய்விடுங்கள் என்று சொன்னார். அவர் திட்டியிருந்தால் காளியாயிக்குப் பதில் இருந்திருக்கும். கூட்டம் கலைந்தது. இந்த வம்பே வேண்டாம், கையெழுத்தைப் போட்டுவிடு என்று நஸீராவின் அண்ணன் சொன்னதும் காளியாயி காதில் விழுந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு நாற்பது பெண்களும் மலை ஏறினார்கள். காளியாயி வாய் பேசாமல் நடந்ததைப் பார்த்து லெட்சுமிக்குப் பயமே வந்துவிட்டது.

உதவி செய்யப் போய் குடியைக் கெடுத்துவிட்டோமே என்று காளியாயி இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை, கல்யாணமான முதல் வருஷம் புருஷனிடம் கேட்டதாக ஒரு வதந்தி மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முகத்தைக் கழுவிக்கொண்டு தனியாக டவுனுக்கு இறங்கினாள். வளைவுக்கு வளைவு நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நஸீரா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காளியாயி வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுங்கம்மா. ஒங்க வழக்கம் தெரியாது. தெரியாதுன்னா கேட்டிருக்கணும். கேக்காமக் கொள்ளாம எங்க வழக்கத்துல பாடிட்டேன். ஒங்க வயித்தக் கலக்கிப்புட்டேன். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

திரும்பி இரண்டு படி இறங்கிவிட்டாள். நஸீரா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தப் பாட்டில நாலு அடி எண்டு வந்திச்சே. தாடையில ஒண்டு, தோள்ல ஒண்டு எண்டு. டாக்டரும் அதையேதான் சொன்னாரு. அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தேன்ல."

நஸீரா கதவைப் பிடித்துக்கொண்டாள். நீங்களெல்லாம் எல்லாம் முடிந்த பிறகு வந்தவர்கள் என்றல்லவா பொலிஸில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அப்படி யார் சொன்னது, நாங்கள் தலைக்கு மேலே நின்றோம், முன்னால் போன ஆட்டோவைச் சும்மா விட்டதையும் பார்த்தோம் என்றாள் காளியாயி. பிறகு ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று நஸீரா கேட்டாள். அந்தக் கேள்வி காளியாயிக்குப் புதிதாக இருந்தது.

"எங்கள யாருங்கம்மா கேட்டா?"

அதன் பிறகுதான் நஸீரா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி வந்தது. கையெழுத்துப் போடாத கடிதம் அலுமாரிக்கு மேலே இருந்தது, அதை எடுத்துக் காட்டினாள். நான் என்ன செய்யவேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்று காளியாயி கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போராட்டத்தில் அவள் இப்படிக் கேட்டது அன்றைக்குத்தான்.

நஸீரா யோசித்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி முன்னால் வந்து நிற்கவேண்டும். மற்றப் பெண்கள் வந்தால் நல்லது, ஆனால் பொம்மை வேண்டாம், தப்பும் வேண்டாம்.

"பாட வேணாம் அக்கா. பாத்தத பாத்த மாதிரி சொன்னாப் போதும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தவளுக்கு வீட்டில் ஆண்டியப்பன் காத்திருந்தான். அவளுடைய தம்பி. தொண்ணூறுகளில் கொழும்பில் கடை வேலைக்குப் போன இடத்தில், பொலிஸ்காரர்கள் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, புலியா என்று கேட்டு அழைத்துப்போனார்கள். எட்டு மாதம் கழித்து வந்தபோது இடது காது கேட்காது. அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டை மாறிப் போகிறவன். கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துவது வேறு, பெயரும் லயத்து நம்பரும் எழுதிக் கொடுப்பது வேறு என்று அவன் அக்காவிடம் கெஞ்சினான். நாளைக்கு அவர்கள் கதவைத் தட்டினால் பலீல் நானாவா வந்து நிற்கப் போகிறார் என்று கேட்டான். அவன் பயந்ததில் தப்பில்லை. காளியாயிக்கும் அந்தப் பயம் உண்டு.

"ஒன்ன எறக்குனப்ப பஸ்ஸுல நாப்பது பேரு இருந்தாங்கன்னு நீதானப்பா சொன்ன. ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னு சொல்லிச் சொல்லி அழுத. அந்த நாப்பது பேருல ஒருத்தியா நான் இருக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய நல்ல சேலையை ஆண்டியப்பனே வெந்நீர்ச் செம்பு வைத்து மடிப்புத் தேய்த்துக் கொடுத்தான்.

பொலிஸ் நிலைய வாசலுக்கு எதிரே நாற்பது பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஒருவன், இன்றைக்கு யார் செத்தது என்று கிண்டலாகக் கேட்டான். லெட்சுமிக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். பள்ளிவாசல் பெரியவர் வந்தார், பார்த்தார், அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

உள்ளே அதிகாரியின் மேசையில் அதே கடிதத்தின் இன்னொரு பிரதியும் பேனாவும் தயாராக இருந்தன. நஸீரா பேனாவைத் தொடவில்லை. முதலில் இவர் சொல்வதைக் கேளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி காளியாயியை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். தமிழில் எழுதுகிறவர் லீவு என்றார்கள், அது என்றைக்கும் நடக்கிற கதைதான். ஒரு சார்ஜன் சிங்களத்தில் எழுதினார்.

காளியாயி சொன்னாள். முன்னால் போன ஆட்டோ, வாசித்த பெயர், மாறிய குரல், கொட்டிய பாண், நாலு அடி, கானுக்குள் தள்ளியது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தத் தொண்டையா இது என்று நினைக்கும்படி மெதுவாகச் சொன்னாள். மேசை விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள். சார்ஜன் எழுதி முடித்து, இதில் போடு என்று தாளைத் தள்ளினார். ஒரு எழுத்தும் அவளுக்கு வாசிக்கத் தெரியாத தாள். அவள் அதை அப்படியே நஸீராவிடம் கொடுத்தாள்.

நஸீரா சிங்களப் பாடசாலையில் படித்தவள். வரிக்கு வரி தமிழில் வாசித்துச் சொன்னாள். ஐந்தாவது வரியில் நின்றாள். சத்தம் கேட்டு இறங்கி வந்தேன் என்று எழுதியிருந்தது.

"நான் சத்தம் கேட்டு வரலீங்க," என்றாள் காளியாயி. "பாத்துட்டு வந்தேன்."

இரண்டும் ஒன்றுதானே என்றார் சார்ஜன். ஒன்றில்லை என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஜன்னல் வழியாக வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார், புதுத் தாள் எடுக்கச் சொன்னார். சார்ஜன் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலிலிருந்து எழுதினார். கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை அதிகாரியே தமிழில் கேட்டார். பலீல் உனக்கு என்ன உறவு, அவருக்காக நீ ஏன் இவ்வளவு தூரம் வரவேண்டும்?

நானா என்றால் அண்ணன்தானே, அப்படியே சொல்லலாமா என்று காளியாயி ஒரு நொடி நினைத்தாள். பார்த்ததை மட்டும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஒறவு ஒண்ணும் இல்லீங்கய்யா. எங்களுக்குப் பாண் கொண்டு வர்றவரு."

சார்ஜன் அதையும் எழுதினார். நஸீரா அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று சொன்னாள். காளியாயி பேனாவை இறுக்கிப் பிடித்து, ஐந்தாம் வகுப்பில் கற்ற எழுத்தில் தன் பெயரைத் தமிழில் போட்டாள். நஸீரா தன் முன்னால் வைத்திருந்த கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் அதிகாரியின் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.